ஒலிக்கு ஒரு மணி நேரம்

யார்க் நகரில் ஒரு வீட்டுச் சன்னலோரம். 1784 அக்டோபர். 20 வயது ஜான் குட்ரிக், வடக்கு வானில் செபியஸ் கூட்டத்து மங்கலான விண்மீன் ஒன்றைப் பக்கத்து மீன்களோடு ஒத்துப்பார்த்து இரவுதோறும் குறித்துவருகிறார். இன்று பக்கத்து மீனைவிடச் சற்றுத் தூக்கல். நாளை இரண்டும் சமம். மறுநாள் இன்னும் மங்கல். குறிப்புகள் சேரச் சேர ஓர் ஒழுங்கு தெரிகிறது. 5 நாளும் ஏறக்குறைய 9 மணி நேரமும் கழிந்தால் அந்த மீன் ஒருமுறை பொலிந்து, ஒருமுறை வாடி, பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இன்று அதை டெல்டா செபி என்கிறோம். குட்ரிக் 1786 ஏப்ரலில் இறந்துபோனார். வயது 21.

அவர் சிறு வயதிலேயே செவிப்புலனை இழந்தவர். இந்தத் தகவலைப் படித்த நாளிலிருந்து டெல்டா செபியை வெறும் ஒளிப்புள்ளியாக என்னால் பார்க்க முடிந்ததில்லை. ஏனென்றால் குட்ரிக் கணக்கெடுத்தது ஓர் ஒலியை. அந்த விண்மீன் முழு உடலோடும் விம்முகிறது, தணிகிறது. உள்ளே வளி நெருங்கித் தளர்ந்து, நெருங்கித் தளர்ந்து அலையாய் நிற்கிறது. ஒலி என்பதே அதுதான். நடுவிலுள்ள வெற்றிடத்தைக் கடந்து அந்த ஒலி நம்மிடம் வருவதில்லை. அது அசைக்கும் மேனியின் ஒளி வருகிறது. விண்மீன் துடிக்கிறது என்று ஹார்லோ ஷேப்லி எடுத்துச்சொல்ல 1914 வரை ஆயிற்று. அதற்குக் கணிதம் கொடுத்தவர் ஆர்தர் எடிங்டன்.

அதே எடிங்டன் 1926இல் விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றித் தன் பெரிய நூலை எழுதியபோது, பேரண்டத்தில் எந்த மூலையையும்விட எட்டாத இடம் ஒரு விண்மீனின் உட்புறம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார். எத்தனை பெரிய தொலைநோக்கி செய்தாலும் அது தோலோடு நின்றுவிடும். சூரியனின் நடுவில் பிறக்கும் ஆற்றல் மேலே வரப் பல்லாயிரம் ஆண்டுகள், ஒரு லட்சம் ஆண்டுக்கு மேலும், ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை காலமும் விழுங்கப்பட்டு உமிழப்பட்டு, விழுங்கப்பட்டு உமிழப்பட்டு, கடைசியில் நம் கண்ணில் படும் ஒளி தான் பிறந்த இடத்தைப் பற்றி ஒன்றையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒலி அப்படியல்ல. சூரியனின் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு ஒலி வந்துசேர ஒரு மணி நேரம் போதும். நெருப்பின் ஊடாக வந்த வழியெல்லாம் எங்கே வேகம் கூடியது, எங்கே குறைந்தது என்ற கணக்கை அது சுமந்துகொண்டு வருகிறது. ஒளிக்கு எட்டாத நடு, ஒலிக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. விண்மீன் அதிர்வியல் என்ற துறையே இந்த ஒரு மணி நேரத்தின் மேல் நிற்கிறது.

சூரியன் ஒலிக்கிறது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1960இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ராபர்ட் லெய்ட்டன் சூரிய மேற்பரப்பின் வேகங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். நம்மை நோக்கி வரும் வளியின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப்போவதன் கோடு சிவப்புப் பக்கம் நகரும். நகர்வை அளந்தால் வேகம் கிடைக்கும். இந்த டாப்ளர் வித்தையை நம் கொடைக்கானல் மலை முன்பே அறியும்: 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வளி வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இதே வழியில்தான். லெய்ட்டன் பார்த்தபோது சூரியனின் மேனியில் திட்டுத்திட்டாகப் பல பகுதிகள் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கின. அது மேற்பரப்பின் கொந்தளிப்பு மட்டுமே என்று பத்தாண்டு காலம் பலரும் நினைத்தார்கள். 1970இல் ரோஜர் உல்ரிக்கும், 1971இல் ஜான் லைபாகரும் ராபர்ட் ஸ்டைனும் வேறு விளக்கம் சொன்னார்கள். சூரியனுக்குள் அடைபட்ட ஒலியலைகள் அவை. உள்ளே போகப்போக வெப்பம் கூடும், ஒலியின் வேகம் கூடும், அலை வளைந்து திரும்பும். மேலே வந்தால் வளி சட்டென்று நொய்ந்துவிடும், அலை மோதிக் கீழே திரும்பும். இரண்டுக்கும் இடையில் அலைகள் சிறைப்பட்டு நிற்கின்றன. அப்படியானால் அவற்றின் அதிர்வெண்கள் தனித்தனி வரிசைகளாக விழவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். 1975இல் பிரான்ஸ்-லுட்விக் டாய்ப்னர் அந்த வரிசைகளை அளந்து காட்டினார்.

தட்டுபவர் யார்? கொதிக்கும் மேலடுக்கேதான். உலையில் சோறு கொதிப்பதுபோல் சூரியனின் வெளிப்பகுதி புரண்டுகொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலில் எல்லாச் சுருதியும் இருக்கிறது. சூரியனின் உடலுக்குப் பொருந்தும் சுருதிகள் நிற்கின்றன, மற்றவை கரைந்துபோகின்றன. நிற்பவை ஏறக்குறைய ஒரு கோடி. ஒவ்வொன்றின் வேகமும் அதிகம் போனால் நொடிக்கு 20 சென்டிமீட்டர். தவழும் குழந்தையின் வேகம். அந்தச் சுருதியை மனிதக் காதுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 15 ஸ்தாயி மேலே தூக்கவேண்டும். அப்போது அது 100 ஹெர்ட்ஸ் அளவில், ஓர் ஆணின் கட்டைக்குரல் அளவில் வந்து நிற்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மிருதங்கப் பட்டறையில் முழுப் பகல் உட்கார்ந்திருக்க வாய்த்தது. பெரியவர் ஒருவர் வலந்தலைக்குக் கரணை ஏற்றிக்கொண்டிருந்தார். கிட்டான் கல் பொடியும் குழைந்த சோறும் சேர்ந்த கறுப்புப் பசையை ஒரு சுற்று தடவுவார். வழவழப்பான கல்லால் தேய்ப்பார். விரலால் தட்டிக் கேட்பார். மறுபடி ஒரு சுற்று. கறுப்பு வட்டம் எத்தனை கனம் ஆயிற்று என்று அவர் குனிந்து பார்க்கவே இல்லை. காது சொன்னதைக் கை செய்தது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் மேற்சுருதிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அது தாளத்துக்கு ஆகும், சுருதிக்கு ஆகாது. நடுவில் கனம் ஏற்றினால் அவை ஒன்றுக்கொன்று இசைவான வரிசைக்கு வந்துவிடும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் இதை 1920இல் ஒரு குறிப்பாகவும், 1934இல் விரிவான கட்டுரையாகவும் எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்தச் சுருதிக்கு எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று கோலமாகக் காட்டினார். தோலின் 9 அதிர்வு முறைகள் 5 இசைச் சுருதிகளுக்குள் வந்து அடங்குவதைச் சொன்னார்.

சூரியன் மேல் மணல் தூவ வழியில்லை. ஆனால் கோலம் அதே வகைதான். கோளம் ஆனதால் தோலின் வட்டமும் குறுக்குக்கோடும் அங்கே அட்சரேகை, தீர்க்கரேகைபோல் விரிகின்றன. சில அலைகள் மேலடுக்கில் மட்டும் புழங்கித் திரும்பும். சில பாதி ஆழம் வரை போகும். வெகு சில நடுவையே தொட்டு மீளும். எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால் தெரியும். அரைவழி போனவன் சொன்னதை முழுவழி போனவன் சொன்னதிலிருந்து கழித்தால் மிச்சப் பாதையின் கதை கிடைப்பதுபோல.

ஒரு விண்மீனை எடைபோடவும் அளக்கவும் இரண்டு இடைவெளிகள் முக்கியம். அடுத்தடுத்த சுருதிகளுக்கு இடையிலான பெரிய இடைவெளி, ஒலி அந்த விண்மீனைக் குறுக்கே கடக்க எடுக்கும் நேரத்தைச் சொல்கிறது. சூரியனுக்கு இது 135 மைக்ரோஹெர்ட்ஸ். திருப்பிப்போட்டால் 2 மணி 3 நிமிடம். இதிலிருந்து சராசரி அடர்த்தி வந்துவிடும். எந்தச் சுருதி எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலிக்கிறது என்பது மேற்பரப்பின் ஈர்ப்பைச் சொல்லும். இவ்விரண்டோடு வெப்பநிலையும் தெரிந்தால் எடையும் ஆரமும் கைக்கு வரும். இன்னொன்று சிறிய இடைவெளி. சூரியனில் 9 மைக்ரோஹெர்ட்ஸ் அளவு. இதுதான் எனக்கு நெருக்கமானது. நடுவில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் சேரச் சேர அங்கே வளி கனக்கிறது, ஒலி மந்தமாகிறது, இந்தச் சிறிய இடைவெளி இன்னும் சுருங்குகிறது. வயது ஏற ஏறக் குரலில் உண்டாகும் மாற்றம் அது. அதைக் கேட்டு வயது சொல்லலாம். விண்கற்களை அளந்து நாம் அறிந்த சூரியனின் வயது 457 கோடி ஆண்டுகள். ஒலியை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதுவே கிடைத்தது. மற்ற விண்மீன்களின் கல் எதுவும் நம் கையில் இல்லை. அங்கே குரலைத்தான் நம்பவேண்டும்.

சூரியனின் குரலைக் கேட்பதற்குத் தடையாக நின்றது, எல்லாவற்றையும்விட எளிய ஒன்று: சூரியன் அஸ்தமிக்கிறது. நெருங்கிய இரு சுருதிகளைப் பிரித்துக் கேட்க வேண்டுமானால் நீண்ட நேரம் கேட்கவேண்டும். இடையில் அறுபட்டால் போயிற்று. ஒவ்வொரு நாளும் இரவு வந்து பதிவை வெட்டுவதால், ஒவ்வொரு உண்மைச் சுருதிக்கும் இரு பக்கமும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் பொய்ச் சுருதிகள் முளைக்கும். தேடும் சிறிய இடைவெளியோ 9. பூமியின் சுழற்சி விதைத்த பொய்யும் சூரியனின் வயதைச் சொல்லும் மெய்யும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பாட்டின் நடுவே நாள்தோறும் பாதி நேரம் காதைப் பொத்திவிட்டு ராகத்தைச் சொல் என்றால் எப்படிச் சொல்வது?

அதற்கு விடை தேடி ஜெரார்ட் கிரெக், எரிக் ஃபோசா, மார்ட்டின் பொமரான்ட்ஸ் மூவரும் தென்துருவத்துக்குப் போனார்கள். அங்கே கோடையில் சூரியன் மறைவதில்லை. தொடுவானத்துக்கு இணையாகச் சுற்றிச்சுற்றி வரும். 1979 முடிந்து 1980 பிறக்கும் பருவத்தில் ஏறக்குறைய 5 நாட்கள் இடையறாமல் பதிவு செய்தார்கள். சூரிய வட்டம் முழுவதும் ஒரே ஒளிப்புள்ளிபோல் எடுத்துக்கொள்ளப்பட்ட பதிவு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஐசக் குழு அதற்குச் சற்று முன்புதான் சூரியன் மொத்தமாக ஒலிப்பதை முதலில் காட்டியிருந்தது. துருவத்துப் பதிவில் சுருதிகள் சீப்பின் பற்கள்போல் தனித்தனியே எழுந்து நின்றன. நாடும் ஊரும் இல்லாத அந்த வெண்மையில், உறைபனியில், உறங்காமல் முறைவைத்துக் கருவி காத்தவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு நன்றியுணர்வு எழுகிறது.

ஆனால் துருவத்துக் கோடை முடிந்துவிடும். அடுத்த வழி, பூமியைச் சுற்றிக் காவல் வைப்பது. 1995இல் 6 ஊர்களில் ஒரே மாதிரியான கருவிகளோடு காங் என்ற வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பிக் பேர், ஹவாயின் மவுனா லோவா, ஆஸ்திரேலியாவின் லெர்மந்த், இந்தியாவின் உதய்ப்பூர், டெனெரிஃப் தீவின் டெய்தே, சிலியின் செரோ டொலோலோ. ஹவாயில் வெயில் சாயும்போது லெர்மந்த் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே மங்குமுன் உதய்ப்பூர் ஏற்றுக்கொள்ளும். அது டெய்தேயிடம் கொடுக்கும். உதய்ப்பூரின் பதேசாகர் ஏரியின் தீவில் 1975இல் சூரிய ஆய்வகம் அமைத்தவர் அரவிந்த் பட்நாகர். சுற்றிலும் நீர் இருந்தால் மேலே காற்று அலையாது, படம் நடுங்காது என்பதால் ஏரி. அந்த ஊர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அந்த ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பதிவில் ஓட்டை விழும். ஒரு நாட்டின் இரவு இன்னொரு நாட்டின் பகலால் நிரப்பப்பட்ட இந்த ஏற்பாட்டை, நூற்றாண்டின் பெரிய காரியங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். அதே 1995 டிசம்பரில் சோஹோ விண்கலமும் கிளம்பியது. இரவே இல்லாத இடத்தில் அதுவும் சூரியனைக் கேட்கத் தொடங்கியது.

கேட்டது என்ன சொல்லிற்று? கொதிக்கும் வெளிப்பகுதியின் அடிமட்டம் எங்கே என்பதை ஆரத்தின் 0.713 பங்கு என மூன்று இலக்கச் சுத்தமாக அளந்தவர்களில் சர்பாணி பாசுவும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எச். எம். அந்தியாவும் உண்டு. நடுக்கோடு 25 நாளிலும் துருவப்பக்கம் 35 நாளிலுமாகச் சுழலும் வேறுபாடு அந்த அடிமட்டம் வரை அப்படியே இறங்கி, அங்கே சட்டென்று முடிந்து, அதற்குக் கீழே சூரியன் திடப்பொருள்போல் ஒன்றாகச் சுழல்கிறது என்பதும் தெரிந்தது. ஹீலியத்தின் கதை தனி. 1868 கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடிய வானியலாளர்கள் சூரிய விளிம்பின் நிறமாலையை ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு கண்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நார்மன் லாக்யர் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். சூரியன் பெயரையே அதற்கு இட்டார்கள். ஆனால் சூரியனில் அது எத்தனை பங்கு என்று நிறமாலையால் நேரே அளக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் ஹீலியம் கோடு காட்டுமளவு வெப்பம் இல்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து ஒலிதான் சொன்னது: வெளிப்பகுதியின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு.

இன்னொரு சாட்சியத்தையும் ஒலி சொன்னது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், சலவைத் திரவம் நிறைந்த பெரிய தொட்டியை வைத்துக்கொண்டு 1960களின் முடிவிலிருந்து ரே டேவிஸ் சூரியனின் நடுவிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற துகள்களை எண்ணிவந்தார். கணக்குப்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சூரியனின் நடு நாம் நினைத்ததைவிடக் குளிர்ந்திருக்கலாம், வானியலாளர்களின் மாதிரியே தவறாக இருக்கலாம் என்ற சந்தேகம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஒலியோ, உள்ளே அளந்த வேகமும் மாதிரி சொன்ன வேகமும் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபடவில்லை என்றது. சூரியன் சரி, நியூட்ரினோவைப் பற்றிய நம் அறிவுதான் குறை. 2001இலும் 2002இலும் கனடாவின் சட்பரி ஆய்வகம் அதை மெய்ப்பித்தது: வழியில் நியூட்ரினோக்கள் வகை மாறிவிடுகின்றன.

சூரியனுக்கு அப்பால் போனால் வட்டம் புள்ளியாகிவிடும். நுணுக்கமான கோலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பெரிய கோலங்கள் சில மட்டும் மிஞ்சும். நடுவைத் தொடுபவை அவையே என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. 2001இல் சிலியின் லா சில்லாவில் 1.2 மீட்டர் ஆய்லர் தொலைநோக்கியைக் கொண்டு ஃபிரான்சுவா பூஷியும் ஃபேபியன் கரியேயும் ஆல்ஃபா சென்டாரி ஏ விண்மீனின் ஒலியைத் தெளிவாகப் பிடித்தார்கள். சுற்றுக்கு 7 நிமிடம், வேகம் நொடிக்கு 35 சென்டிமீட்டர். 4 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பெருநெருப்பின் மேனி அத்தனை மெதுவாக ஏறி இறங்குவதை இங்கிருந்து அறிந்தார்கள்.

பிறகு விண்கலங்கள் வந்தன. 2006இல் கோரோ, 2009இல் கெப்ளர். கெப்ளரின் வேலை கோள் தேடுவது. சிக்னஸ், லைரா பக்கம் வானின் ஒரே துண்டை 4 ஆண்டுகள் கண்ணெடுக்காமல் பார்த்தது. ஒரு கோள் குறுக்கே போகும்போது விண்மீன் எவ்வளவு மங்குகிறது என்பது, விண்மீனில் கோள் எத்தனை பங்கு என்று மட்டும்தான் சொல்லும். விண்மீனின் ஆரம் தெரிந்தால்தான் கோளின் ஆரம். அதனால் கோளைத் தேடியவர்களுக்கும் ஒலி வேண்டியிருந்தது.

கெப்ளர் தந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது செம்பெருமீன்களின் கதை. வயதான விண்மீன் வீங்கிச் சிவக்கிறது. ஒன்றின் நடுவிலுள்ள ஹீலியம் இன்னும் எரியாமல் கிடக்க, அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிந்துகொண்டிருக்கும். இன்னொன்றின் நடுவில் ஹீலியமே எரியத் தொடங்கியிருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே நிறம், அதே பொலிவு. 2011இல் டிம் பெடிங்கும் அவர் கூட்டாளிகளும் இரண்டையும் பிரித்தார்கள். இந்த விண்மீன்களின் இறுகிய நடுவில் ஒலியலை அல்லாத வேறொரு அலை உண்டு. நீரில் அமுக்கிவிட்ட தக்கை எழுந்து தாழ்வதுபோல் மிதப்பால் எழும் அலை. அது நடுவிலேயே அடைபட்டது. ஆனால் வெளியிலுள்ள ஒலியலையோடு சுருதி ஒத்துப்போகும்போது கைகோத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. அப்படி வந்த கலப்பு அலைகளின் கால இடைவெளியை அளந்தார்கள். முதல் வகைக்கு 50 நொடி அளவு. இரண்டாம் வகைக்கு 100 முதல் 300 நொடி. கண் நூறாண்டாகப் பிரித்தறியாததை இந்த நொடிக்கணக்கு பிரித்துவிட்டது. அடுத்த ஆண்டே பால் பெக் குழு அதே கலப்பு அலைகளிலிருந்து, செம்பெருமீனின் நடு மேற்பரப்பைவிடக் குறைந்தது 10 மடங்கு வேகமாகச் சுழல்வதைக் கண்டது. கணக்குகள் அதைவிட மிக அதிக வேகத்தை எதிர்பார்த்திருந்தன. உள்ளே ஏதோ ஒன்று அந்தச் சுழற்சிக்குக் கடிவாளம் போடுகிறது. அது என்ன என்ற தேடல் நடந்துகொண்டிருக்கிறது.

2015இல் கெப்ளர்-444 விண்மீனின் ஒலி அதன் வயதைச் சொன்னது: 1120 கோடி ஆண்டுகள், நூறு கோடி முன்பின்னாக. அதைச் சுற்றிப் பூமியைவிடச் சிறிய 5 கோள்கள். நம் சூரியன் பிறந்த அன்று அந்தக் கோள்களுக்கு 600 கோடி ஆண்டுக்கும் மேல் வயது.

ஒலியை அளவுக்குமேல் நம்பிவிடவும் கூடாது. மார்க் காக் என்ற கணிதவியலாளர் 1966இல் ஒரு கேள்வி கேட்டார்: முரசின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா? 1992இல் கரோலின் கார்டன், டேவிட் வெப், ஸ்காட் வோல்பர்ட் மூவரும், முடியாது என்று நிறுவினார்கள். வடிவம் வேறு, ஒலி ஒன்றே என்ற இரு முரசுகளை வரைந்தே காட்டினார்கள். விண்மீனிலும் இது உண்டு. எடை சற்றுக் கூடி ஹீலியம் சற்றுக் குறைந்தாலும், எடை குறைந்து ஹீலியம் கூடினாலும் குரல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சூரியனிலும் ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. மார்ட்டின் ஆஸ்ப்லண்டும் அவர் குழுவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரியனின் ஆக்சிஜன், கார்பன் அளவுகளைக் குறைத்து அறிவித்தபோது, அதுவரை ஒலியோடு அழகாகப் பொருந்தியிருந்த மாதிரி பிசகிவிட்டது. ஒளி ஒன்று சொல்ல ஒலி ஒன்று சொல்லும் நிலை. அந்தப் பட்டறைப் பெரியவர் தட்டிக் கேட்டுச் சில நேரம் முகம் சுளித்து, ஏற்றிய கரணையைச் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி தொடங்கியது நினைவுக்கு வருகிறது.

டெல்டா செபி நம் ஊரிலிருந்தும் தெரியும். ஐப்பசியில் முன்னிரவில் வடக்கே நடு உயரத்தில் நிற்கும். ஆனால் அப்போது மழைமேகம் விடாது. மார்கழி பிறந்து வானம் வெளுத்ததும் இருட்டியவுடன் வடமேற்கில் பார்க்கலாம். பக்கத்தில் சீட்டா செபி, எப்சிலான் செபி என்று இரண்டு மீன்கள். உச்சத்தில் டெல்டா முதலாவதை நெருங்கும். வாடும்போது இரண்டாவதைவிடச் சற்றுக் கீழே போகும். கருவி வேண்டாம், கண் போதும். போன மார்கழியில் நான் 19 இரவுகள் குறித்தேன். 4 இரவுகளை மேகம் எடுத்துக்கொண்டது. அந்த 4 கட்டங்களும் என் நோட்டில் வெறுமையாக இருக்கின்றன. மிச்சமுள்ள புள்ளிகளை 5 நாள் 9 மணிக் கணக்கில் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு கோடு கிடைத்தது.